பலவேசம் அண்ணாச்சி பேர் விளிக்காத பந்தயம்

வள்ளியூருக்குத் தெற்கே ஒரு கோயில் கொடையை ஒட்டி மாட்டுவண்டிப் பந்தயம் நடந்தது. முன்னால் வந்த வண்டிகளுக்குப் பரிசு கொடுத்தாகிவிட்டது. கூட்டம் பந்திக்குப் போய்விட்டது. நான் மைக் செட்டுக் குழாயை அவிழ்க்க மரத்தில் ஏறினேன். பலவேசம் அண்ணாச்சி கீழே நின்று, "அவுக்காதேயும்வே, செத்த பொறும்" என்றார்.

ரோட்டில் ஒருவரும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கடைசி வண்டி வந்தது. மூன்றடைப்பு கொம்பையாவின் வண்டி. ஒரு மாடு கால் நோவில் சாய்ந்து சாய்ந்து வந்தது. கொம்பையா வண்டியை விட்டு இறங்கி, அதன் கழுத்தில் கையைப் போட்டுக்கொண்டு நடந்தே வந்தார். அவர் வீட்டு அம்மாள், யார் கண்ணிலும் படக்கூடாது என்பது போல, எல்லைக்கோட்டுப் பக்கம் வேலி ஓரமாக நின்றாள்.

அண்ணாச்சி மைக்கை எடுத்தார். முதல் வண்டிக்கு என்ன குரலோ அதே குரல். ஊரையும் தகப்பன் பேரையும் சொல்லித் தொடங்கினார். "இதோ வந்துகொண்டிருப்பது மூன்றடைப்பு கொம்பையா அவர்களின் வண்டி. நோவெடுத்த மாட்டை அடிக்காமல் அழைத்து வருகின்ற சாரதி. வழி விடுங்கள், வழி விடுங்கள்" என்றார். வழி விட அங்கே ஆளே இல்லை. பந்தியில் இருந்தவர்கள் எச்சில் கையோடு எழுந்து வந்து பார்த்தார்கள். அந்த அம்மாள் வேலியை விட்டு ரோட்டுக்கு வந்தாள். அண்ணாச்சி அவர்கள் பக்கம் திரும்பவில்லை. மைக்கை அணைத்துவிட்டு, "இப்ப அவுத்துரும்" என்றார்.

அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஏனென்றால் இதற்குப் பிறகு எழுதப்போவது அவர் வஞ்சம் தீர்த்த கதை.

அண்ணாச்சிக்கு முக்கூடல் பக்கம் ஊர். தகப்பனார் மாட்டுவண்டி ஓட்டிப் பிழைத்தவர். தாயும் தகப்பனும் சீக்கிரமே போய்விட, தம்பி செல்வமணியை இவர்தான் தூக்கி வளர்த்தார். அவனுக்குக் கஞ்சி காய்ச்சிக் காய்ச்சியே தனக்கென்று ஒரு குடும்பம் இல்லாமல் இருந்துவிட்டார். தம்பி வளர்ந்து பந்தய வண்டி ஓட்டினான். அண்ணன் மைக் பிடித்தார். நான் குழாய் கட்டினேன். அப்படித்தான் எங்கள் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

பந்தயத்தில் மைக் பிடிக்கிறவர், முன்னே போகிற ஜீப்பில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பார். பின்னால் வருவது முக்கால்வாசி தூசிதான். ரோட்டோரம் நிற்கிறவன் கண்ணில் வண்டி படுவது ஒரு கணம். மற்ற நேரமெல்லாம் குழாயில் கேட்பதைத்தான் அவன் பார்க்கிறான். அதனால் எங்களுக்குள் ஒரு முறை உண்டு. காளை வெள்ளையா மயிலையா என்று சொல்லி வண்டியை அழைக்கமாட்டோம். முதலில் ஊர், பிறகு தகப்பன் பேர், பிறகு ஆளின் பேர். அதைப் பேர் விளிக்கது என்போம். விளிக்காத வண்டி ஓடாத வண்டி என்று ஒரு சொல்லே இருக்கிறது. ஒரு பேர் விட்டுப்போனதற்காக அரிவாளோடு வந்து நின்றவர்களையும் பார்த்திருக்கிறேன். அண்ணாச்சியிடம் அப்படி யாரும் வந்ததில்லை. நாம் சாமி பேரைச் சொல்லும்போது எவ்வளவு பயபக்தியோடு சொல்வோமோ, அவர் ஆள் பேரை அப்படிச் சொல்வார்.

திசையன்விளைப் பக்கம் செம்மண் பாதையில் ஒரு பந்தயம். அங்கே தேவேந்திரன் வந்திருந்தான். அண்ணாச்சி உயிரோடு இருந்தால் இந்தப் பேரை எழுத என்னை விடமாட்டார். ஆனால் படிக்கிறவர்களுக்கு ஆள் தெரிய வேண்டுமே. ஆற்றுக்கு அக்கரை ஊர்க்காரன். கல்யாண வீடுகளில் ட்ரோன் பறக்கவிட்டுப் படம் எடுப்பான். கெட்டிக்காரன்தான், அதில் பொய் சொல்லக்கூடாது. அன்றைக்குப் பந்தயத்தைப் படம் பிடிக்க வந்தவன், ட்ரோனைத் தாழ்த்தித் தாழ்த்தி மாட்டின் காதுக்கு நேரே கொண்டுவந்துவிட்டான். அண்ணாச்சி ஜீப்பிலிருந்து மைக்கிலேயே, "ஏலே, மேல தூக்கு, மேல தூக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவன் தூக்கவில்லை. மாடு மிரண்டு ஓடைக்குள் இறங்கியது. வண்டி செல்வமணியின் காலில் சாய்ந்தது.

கால் கொஞ்சம் வளைவோடு கூடிவிட்டது. கூடாமல் போனது வேறு. ட்ரோனில் சத்தம் பதியாது. செல்வமணி விழும்போது வாயே திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டுதான் கிடந்தான். தேவேந்திரன் அந்த விழுகையை மட்டும் வெட்டி எடுத்து, "எம்மோவ்" என்று ஒரு பொம்பளைக் குரலைச் சேர்த்து, பின்னால் கோமாளி மேளத்தையும் போட்டு, போனில் ஓடவிட்டுவிட்டான். அது எங்கெல்லாமோ ஓடியது. பஸ்ஸில் ஏறினால் முன்சீட்டுக்காரன் போனில் எம்மோவ். சலூனில் உட்கார்ந்தால் எம்மோவ். கடைசியில் அதுவே செல்வமணிக்குப் பேராகிவிட்டது. "எம்மோவ் வாரான்ல, பாதையை விடு" என்பார்கள். பெண் பார்க்கப் போன வீட்டில், உள்ளேயிருந்து சின்னப்பிள்ளைகள் "எம்மோவ் மாமா வந்திருக்கு" என்று சிரித்தார்கள். காப்பியைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டான். அதற்குப் பிறகு மாட்டைத் தொடவில்லை. கங்கைகொண்டான் பக்கம் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலைக்குப் போனான். அவன் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே அந்தப் பேர் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

அண்ணாச்சியும் நானும் தேவேந்திரன் கடைக்குப் போனோம். அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டான். மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை.

"தம்பி, காலை விடு. அது எங்க விதி. அந்தப் படத்தை மட்டும் எடுத்துரு" என்றார் அண்ணாச்சி.

"அது கையை விட்டுப் போயிட்டு அண்ணாச்சி. ஓடுத வண்டியை எங்கன போயி நிறுத்த?"

"உங்கிட்ட இருக்கதையாவது எடு."

"நல்லா ஓடுதே. ஓடுததைப் போயி யாராவது எடுப்பாங்களா?"

"அதுல விழுந்து கிடக்கவனுக்கு ஒரு பேரு இருக்குல. செல்வமணின்னு பேரு."

தேவேந்திரன் ட்ரோனின் இறக்கையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமலே, "பேரு யாருக்கு அண்ணாச்சி வேணும்? விழுததைத்தான பாக்க வாரான்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையைச் சொல்கிற மாதிரிதான் சொன்னான். அதுதான் அண்ணாச்சிக்குள் இறங்கிவிட்டது.

திரும்பி வரும்போது, "சுடலைகிட்ட விட்டுருங்க அண்ணாச்சி. சாமி கேக்கும்" என்றேன்.

"சாமியும் கேக்கட்டும், நானும் கேக்கேன். ரெண்டு பேரு கேட்டா என்ன, குறைஞ்சா போவும்?" என்றார். அதற்குப் பிறகு தேவேந்திரன் என்ற பேர் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. தேவை வந்தால் "அவன்" என்பார்.

இந்த நேரத்தில்தான் டார்லின் வந்தாள். வள்ளியூர்ப் பிள்ளை. பெரிய படிப்புப் படித்து, பெங்களூரில் வேலை பார்த்து, ட்ரோன் பந்தயத்தின்மேல் பைத்தியமாகி ஊருக்குத் திரும்பியவள். நம் பக்கத்திலும் இதை நடத்தலாம், ஜல்லிக்கட்டுக்கும் கபடிக்கும் கூடுகிற ஜனம் இதற்கும் கூடும் என்று அவளுக்கு நம்பிக்கை. பிசான நெல் அறுப்பு முடிந்து காய்ந்து கிடந்த வயலில், வளையங்களும் கொடிகளும் நட்டு முதல் பந்தயத்தை வைத்தாள். குழாய் கட்ட நான் போயிருந்தேன்.

ஜனம் வரத்தான் செய்தது. ஆனால் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. அந்தப் பந்தய ட்ரோன் ஒரு கை அகலம்தான் இருக்கும். கதண்டு வண்டு இரைகிற மாதிரி ஒரு இரைச்சல். "எங்கலே?" என்று ஒருத்தன் கேட்பான். "அந்தா" என்று மற்றவன் கையை நீட்டுவான். நீட்டுவதற்குள் அது வயலின் மறுகோடியில் இருக்கும். பறக்கவிடுகிறவர்களோ கண்ணில் பெட்டி மாதிரி ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பல் பிடுங்க வந்தவர்கள் போல நாற்காலியில் அசையாமல் சாய்ந்து கிடந்தார்கள். ட்ரோன் பார்ப்பது அந்தக் கண்ணாடிக்குள் அவர்களுக்குத் தெரியுமாம். ஜனத்துக்கென்று டார்லின் பெரிய திரை கட்டியிருந்தாள். வெயிலில் அது காயப்போட்ட வேட்டியாகத்தான் தெரிந்தது. மூன்று நிமிஷத்தில் பேட்டரி தீர்ந்து எல்லாம் தரைக்கு வந்துவிட்டன.

"முடிஞ்சிட்டா?" என்றார் ஒரு பெரியவர். "நான் இன்னும் துண்டை விரிக்கவே இல்லையே."

அன்றைக்குப் பறக்கவிட்டவர்களில் தேவேந்திரனும் ஒருவன். அவன்தான் ஜெயித்திருந்தான். அவனோடு வந்தவர்கள் மட்டும் கை தட்டினார்கள். மற்ற ஜனம் நுங்கு வண்டிப் பக்கம் போய்விட்டது.

டார்லின் ஒரு வளையத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "அண்ணாச்சி, நல்லாத்தான இருக்கு விளையாட்டு. ஏன் யாருக்கும் பிடிக்க மாட்டேங்குது?" என்று என்னிடம் கேட்டாள்.

"எம்மா, கண்ணுக்குத் தெரியாததை ஜனம் பாக்கணும்னா எடுத்துச் சொல்ல ஒரு ஆளு வேணும். கோயில்லயே அப்படித்தான" என்று சொல்லி, பலவேசம் அண்ணாச்சி வீட்டுக்குக் கூட்டிப்போனேன்.

அவர் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். "ட்ரோன்னா எனக்கு ஆகாது தாயி" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். டார்லின் விடவில்லை. யார் யார் பறக்கவிடுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே போனாள். தேவேந்திரன் பேர் வந்ததும் அண்ணாச்சியின் கை நின்றது.

"அவன் அடுத்த தடவையும் வருவானா?"

"கட்டாயம் வருவாரு. சென்னையிலேருந்து ஒரு குழுவுக்கு ஆள் எடுக்க வாராங்க. அவருக்கு அதுல சேரணும்னு ரொம்ப நாள் ஆசை."

"அப்ப நான் மைக் பிடிக்கேன்" என்றார். கடலையை அவளிடம் நீட்டினார். முருகா, இது எங்கே போய் முடியுமோ என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் சும்மா போய் மைக்கைப் பிடிக்கவில்லை. டார்லின் வீட்டுக்குப் பல நாள் போய், டிவியில் ட்ரோன் ஓடுகிறதைப் பார்த்துப் பார்த்துக் கண்ணைப் பழக்கினார். திரையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "திரையைப் பாக்கவன் வீட்டுல இருந்தே பாப்பான் தாயி. எனக்கு மட்டும் கருப்புத்துணி கட்டி, உள்ள ஒரு சின்ன டிவி வையி. நான் பாத்துச் சொல்லுதேன்." ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் என்று டார்லின் எழுதி வைத்திருந்ததையும் அடித்துவிட்டார். "நம்பருக்கு எவன் தொண்டை கிழியக் கத்துவான்? ஊரைச் சொல்லு, கத்துதானா இல்லையான்னு பாரு."

பறக்கவிடுகிறவர்களைத் தேடிப் போய் ஊரையும் தகப்பன் பேரையும் கேட்டு வந்தார். மேலப்பாளையம் தாவூது மகன் யஹ்யா, செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். சேரன்மகாதேவி இசக்கியம்மா, மகளிர் குழுவில் வயலுக்கு மருந்தடிக்கிற பெரிய ட்ரோனைப் பழகி, அப்புறம் இந்தச் சின்னதற்கு வந்தவள். இரண்டு ஊரிலும் வேனில் குழாய் கட்டிக்கொண்டு நாங்கள் சுற்றினோம். "மருந்தடிக்கும் மருமகள் ஜெயிப்பாளா, மேலப்பாளையத்து மகன் ஜெயிப்பானா" என்று அண்ணாச்சி கேட்டுக்கொண்டே போவார். தேவேந்திரன் ஊர்ப்பக்கம் வேனை விடவில்லை. டார்லின் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

பந்தயத்தன்று சாயங்கால வெயிலில் வயல் வரப்பெல்லாம் ஆள். மேலப்பாளையத்திலிருந்து லோடு ஆட்டோவில் வந்திருந்தார்கள். சேரன்மகாதேவிப் பெண்கள் ஒரே நிறச் சேலையில் வந்திருந்தார்கள். முன்சுற்றுகள் நடந்தன. அதே கதண்டுச் சத்தம், அதே கண்ணில் படாத வேகம். ஆனால் இப்போது ஜனம் பார்த்தது. வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டு, "யஹ்யா, வளையத்துக்குள்ள பூருலே" என்று கத்தியது. இசக்கியம்மா ஒரு கொடியில் உரசிவிட்டாள் என்று குழாயில் கேட்டதும், அவள் ஊர்ப் பெண்கள் எல்லாரும் தங்கள் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். டார்லின் கண்ணில் தண்ணீர் நின்றது.

தேவேந்திரன் போன தடவை ஜெயித்தவன் என்பதால் நேராகக் கடைசிச் சுற்றுக்கு வந்தான். அவன், யஹ்யா, இசக்கியம்மா, மூன்று பேர். கண்ணாடியை மாட்டிக்கொண்டார்கள். மாட்டிக்கொண்டால் அவர்களுக்குக் கூட்டம் தெரியாது. இரைச்சலுக்குக் காதிலும் அடைப்பு வைத்திருந்தார்கள். தேவேந்திரன் அவனுடைய இருட்டுக்குள் போய்விட்டான். அண்ணாச்சி அவருடைய கருப்புத்துணிக்குள் போனார்.

"கிளம்பியாச்சு பெருமக்களே. முன்னால் ஒன்று போகிறது. போகட்டும். நம் கண் இரண்டாம் இடத்தில் இருக்கட்டும். சேரன்மகாதேவி கோமதிநாயகம் மகள் இசக்கியம்மா. அவள் முதுகை ஒட்டி மேலப்பாளையம் தாவூது மகன் யஹ்யா. வளையத்துக்குள் இரண்டு பேருக்கும் இடமில்லை, யார் வழி விடுவது? விடமாட்டாள் எங்கள் மருமகள்."

அந்தப் "போகட்டும்" என்ற சொல்லை, ரோட்டைக் கடக்கிற நாய்க்குச் சொல்கிற மாதிரி சொன்னார். டார்லின் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "முதல்ல போறவரு பேரு, அண்ணாச்சி." அவர் மைக்கைக் கையால் மூடி, "தெரியும் தாயி" என்றார். மறுபடியும் திறந்து இரண்டாம் இடத்துக்கே போனார். யஹ்யா முந்தினான், இசக்கியம்மா முந்தினாள், ஜனம் வரப்பிலிருந்து வயலுக்குள் இறங்கிவிட்டது.

தேவேந்திரன் வெகு முன்னால் வந்து இறங்கிவிட்டான். எனக்கு அது தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றி, எழுந்து, இரண்டு கையையும் தூக்கினான். சிரித்த முகம். அவனை ஒருவரும் பார்க்கவில்லை. அப்போதுதான் இசக்கியம்மா யஹ்யாவை முந்தி வந்தாள் என்று குழாய் சொன்னது. பெண்கள் குலவை போட்டார்கள். கூட்டம் தேவேந்திரனைத் தாண்டி ஓடியது. போனில் படம் பிடிக்க வந்த ஒருத்தர் அவனிடம், "தம்பி, செத்த தள்ளி நில்லு. மறைக்கு" என்றார். அவன் தள்ளி நின்றான். தூக்கிய கையை எப்போது இறக்கினான் என்று எனக்குத் தெரியாது.

கடிகாரக் கணக்குப்படி பரிசு அவனுக்குத்தான். டார்லினே மைக்கை வாங்கி அவன் பேரைப் படித்தாள்.

"யாருல இவன்?"

"யாரோ ஜெயிச்சானாம்."

"நம்ம இசக்கியம்மாதானல ஜெயிச்சா?"

சென்னைக்காரர்கள் இசக்கியம்மாவிடமும் யஹ்யாவிடமும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜனம் யாரைப் பார்க்கிறதோ அவர்கள்தானே அவர்களுக்கு வேண்டும். அன்றைக்கு ஊர்க்காரர்கள் போனில் பிடித்த படங்கள் எல்லாவற்றிலும் அண்ணாச்சி குரல்தான். ஒன்றிலும் தேவேந்திரன் பேர் இல்லை.

யாரோ ஒருவர் போனில் ஓடிய படத்தைக் கேட்டுவிட்டு, அவன் கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எங்களிடம் வந்தான். "அண்ணாச்சி, எம் பேரை ஏன் விளிக்கல?"

அண்ணாச்சி ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "பேரு யாருக்கு தம்பி வேணும்? பறக்கதைத்தான பாக்க வந்தான்."

அவன் முகம் கருத்தது. அப்போதுதான் அவனுக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். கோப்பையை இறுக்கிக்கொண்டு போனான். நான் அண்ணாச்சியிடம், "பாவம் இல்லையா?" என்று கேட்டேன்.

"ஒரு பொய் சொன்னேனாவே? முன்னால ஒண்ணு போவுதுன்னேன். போச்சு." அன்றைக்கு அவர் இரண்டு வட்டில் சோறு சாப்பிட்டார். அவர் அப்படிச் சாப்பிட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது.

டார்லின் மறுநாள் வந்தாள். சந்தோஷமும் கோபமும் ஒன்றாக இருந்தது. "ஜனம் பாக்குமான்னு இருந்தேன், பாத்துட்டு. ஆனா ஜெயிச்சது என் விளையாட்டா, உங்க பகையா, அதைச் சொல்லுங்க."

"பகை இல்லாத பந்தயத்தை எந்த ஊருல தாயி நின்னு பாத்தாவ?" என்றார். அவள் அவரை அடுத்த பந்தயத்துக்கு அழைக்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

கொஞ்ச நாளில் தேவேந்திரன் என் வீட்டுக்கு வந்தான். அந்தப் படத்தைத் தன் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டதாகக் காட்டினான். அடுத்த பந்தயத்தில் ஒரே ஒரு தடவை தன் பேரை அண்ணாச்சி விளித்தால் போதும் என்றான். அவன் அம்மா ஊரில் தலைகாட்ட முடியவில்லையாம். மகன் ஜெயித்தான் என்று சொன்னால் சிரிக்கிறார்களாம். எனக்கு மனசு இளகிவிட்டது. கூட்டிக்கொண்டு போனேன்.

அண்ணாச்சி அவனை உட்காரச் சொன்னார். "விளிக்கேன். அதுக்கு முன்னால நீ ஒண்ணு செய்யி. கங்கைகொண்டான் கம்பெனி கேட்டுல, ஷிஃப்டு மாறுத நேரம், எல்லாரு காதுலயும் விழுத மாதிரி எந்தம்பியை விளி. ஊரு, எங்க அப்பா பேரு, அவன் பேரு. முறையா."

"அங்கன போயி கத்தச் சொல்லுதியளா? என்னைப் பாத்துச் சிரிப்பாங்க அண்ணாச்சி."

"ஆமா, சிரிப்பாவ."

தேவேந்திரன் எழுந்து போய்விட்டான். பிறகு பெங்களூருக்குப் போனதாகக் கேள்வி. அங்கே பந்தயமெல்லாம் இங்கிலீஷில் சொல்வார்களாம்.

செல்வமணியிடம் நடந்ததை நான் சொன்னபோது அவன் கம்பெனி கேட்டின் கம்பிக் கதவை இழுத்துச் சாத்தினான். "அண்ணன் அவன் பேரைப் பறிச்சிட்டாரு, சரி. எம் பேரை எனக்கு யாரு தருவா?" என்றான். அண்ணாச்சியிடம் இதை நான் சொல்லவில்லை. ஆனால் தம்பியின் முகத்தைப் பார்த்து அவரே தெரிந்துகொண்டிருப்பார்.

ஐப்பசி மழையில் ஒருநாள் இரண்டு பேருமாகச் செல்வமணியைப் பார்க்கப் போனோம். அண்ணாச்சி அங்கேயே தங்குவதாகச் சொல்லி, என்னைப் பஸ் ஏற்ற வந்தார். அடுத்த வாரமே நெஞ்சுவலி வந்து இறைவனடி சேர்ந்துவிட்டார். அதனால் அந்தப் பஸ் நிறுத்தத்தில் பேசியதுதான் கடைசி.

"அவன் பெங்களூரு போயிட்டான் அண்ணாச்சி. இனி நம்ம பக்கம் வரமாட்டான். நீங்களும் விட்டுருங்க" என்றேன்.

"அது மூணு நிமிசம்தானவே பறக்கும். பேட்டரி தீந்தா எங்கனயாவது எறங்கித்தான ஆவணும்" என்றார். பஸ் நகர்ந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கூடவே நடந்து வந்து, "அவன் எறங்கட்டும். நான் மைக்கோட நிக்கேன்" என்றார்.